மூலை வெட்டாத தட்டு

நெல் ஆராய்ச்சி நிலையத்தில் எல்லோரும் அவளைத் தரவம்மா என்றுதான் சொல்வார்கள். முகத்துக்கு நேரே இல்லை, முதுகுக்குப் பின்னால். அது அவளுக்கும் தெரியும், உள்ளூரக் கொஞ்சம் பெருமையும் உண்டு. வாசல் காவலாளி ஓடி வந்து "அம்மா, நல்ல மழை" என்றால் "எத்தனை மில்லிமீட்டர்?" என்று கேட்பவளுக்கு வேறு என்ன பெயர்தான் வைப்பது? இருபத்தாறு வருட உத்தியோகத்தில், அளக்காத ஒன்றை அவள் வாய் திறந்து சொன்னதில்லை. தரவு இல்லாமல் பேசுகிறவர்களை அவள் ஒரு பார்வை பார்ப்பாள். அந்தப் பார்வைக்குப் பயந்தே பாதிப் பேர் கூட்டங்களில் தலையைக் குனிந்தபடி உட்கார்ந்திருப்பார்கள்.

அவளுடைய ஆராய்ச்சி நெல்லின் குலைநோயைப் பற்றியது. காற்றில் வரும் பூஞ்சை அது. சேர்ந்தாற்போல மூன்று நாள் மூடுபனி விழுந்து இலை ஈரமாகவே இருந்தால் போதும், வேலையை ஆரம்பித்துவிடும். முதலில் இலையில் கண் வடிவத்தில் ஒரு புள்ளி. அப்புறம் பத்து. இரண்டு வாரத்தில் வயல் நெருப்பில் வாட்டியது போல நிற்கும். தப்பித் தவறிக் கதிர் வந்தாலும் கழுத்து ஒடிந்து தொங்கும், உள்ளே வெறும் பதர்.

இந்த நோயைத் தாங்கும் மரபணு ஒரு பழைய காட்டு நெல்லில் இருந்தது. அது விளைச்சலில் ஒன்றுக்கும் உதவாதது. அந்த மரபணுவை மட்டும் எடுத்து நன்றாக விளையும் நெல்லுக்குள் கொண்டுவர அவளுக்குப் பதினோரு வருடம் பிடித்தது. மரபணுவை நேரில் பார்க்க முடியாது. அதற்குப் பக்கத்தில் ஒட்டிக்கொண்டே வரும் ஒரு மூலக்கூறு அடையாளத்தைத்தான் தேட வேண்டும். பயிற்சிக்கு வருகிறவர்களுக்கு அவள் இதை இப்படித்தான் விளக்குவாள்: "நமக்கு வேண்டிய ஆள் யாருன்னு தெரியாது. அவர் பக்கத்து வீட்டு விலாசம் தெரியும். அந்த வீடு இருந்தா, இவரும் இருப்பார்னு நம்பறோம்."

ரகம் வெளியாகி ஒன்பது வருடம் ஆகிறது. அரசாங்கம் அதற்கு ஒரு எண் கொடுத்தது. யாரும் அந்த எண்ணைச் சொல்லிக் கேட்டதில்லை. மூன்று மணி நேரப் பேருந்துத் தொலைவில் விவசாயம் பார்க்கிற அவள் தங்கை அதை 'எங்க அக்கா நெல்' என்று சொல்லிச் சொல்லி, சுற்றுவட்டாரம் முழுக்க அதுவே பெயராகிவிட்டது. விதை வாங்க வருகிறவர்கள் கடையில் "அக்கா நெல் இருக்கா?" என்றுதான் கேட்பார்கள். ஒன்பது வருடத்தில் அந்த நெல்லில் ஒரு புள்ளி விழுந்ததில்லை.

பெற்றோர் போன பிறகு அவளுக்கு இருக்கும் ஒரே சொந்தம் அந்தத் தங்கைதான். பத்து வயது இளையவள். ஆகவே பாதி தங்கை, பாதி மகள்.

இந்த வருடம் மலைக்கு அந்தப் பக்கம் குலைநோய் வந்துவிட்டது. இயக்குநர் அறைச் சுவரில் ஒரு வரைபடம், நோய் கண்ட இடங்களில் எல்லாம் சிவப்பு ஊசி. முதல் வாரம் நான்கு ஊசி இருந்தது. மூன்றாவது வாரம் எண்ண வேண்டியிருந்தது. ஊசிகள் கணவாயை நோக்கி வரிசை கட்டி வந்துகொண்டிருந்தன. காற்றும் அந்த வழியாகத்தான் வரும்.

இயக்குநர் மட்டும் உற்சாகமாக இருந்தார். "மேடம், இதுதான் நமக்கு நேரம். பத்திரிகைக்காரங்களைக் கூப்பிடறேன். அந்தப் பக்கம் எரியுது, இந்தப் பக்கம் நம்ம நெல் நிக்குது. முதல்ல அந்தச் செடியைத் தேர்ந்தெடுத்தீங்களே, அந்த ஜெல் புகைப்படம் இருக்குமே, அதைப் பெரிசாக்கி மேடையில வைக்கலாம்."

அந்தத் திங்கட்கிழமை காலை அவள் பழைய குறிப்பேட்டைத் தேடி எடுத்தாள். அலமாரியின் அடித்தட்டில், தூசி படிந்த அட்டைக்குள் இருந்தது. புகைப்படத்தை அவளே பக்கத்தில் ஒட்டியிருந்தாள். கறுப்புப் பின்னணியில் வெள்ளைப் பட்டைகள், தட்டின் ஒவ்வொரு குழிக்கும் ஓர் இடம். பட்டை இருந்தால் அடையாளம் இருக்கிறது, செடியை வைத்துக்கொள்ளலாம். பட்டை இல்லையென்றால் செடியைப் பிடுங்கிப் போட வேண்டியதுதான். தொண்ணூற்றாறு குழி உள்ள தட்டு, ஏ முதல் எச் வரை எட்டு வரிசை, ஒன்று முதல் எண்ணிட்ட பன்னிரண்டு நிரல். ஒவ்வொரு குழியிலும் ஒரு செடியின் இலைச்சாறு. டி-7 குழியின் பட்டை பளிச்சென்று இருந்தது. அதைச் சுற்றிச் சிவப்பு மையில் வட்டம் போட்டிருந்தாள். அந்த டி-7 செடியின் பேரப்பிள்ளைகள்தான் இன்று அத்தனை வயலிலும் நிற்கின்றன.

பெருமையோடுதான் பார்த்துக்கொண்டிருந்தாள். அப்போதுதான் பக்கத்தின் ஓரத்தில், தன் கையெழுத்திலேயே, பென்சிலில் இரண்டு வரி இருந்ததைக் கவனித்தாள்.

'சி-5: செடி செத்துவிட்டது, குழி காலி. ஆனால் பட்டை வந்திருக்கிறது. பக்கத்துக் குழியிலிருந்து தெறித்திருக்கலாம்.'

'எஃப்-8: எதுவுமே வரவில்லை. வேதிவினை தோல்வி.'

காலிக் குழியில் எப்படிப் பட்டை வரும்? நிறைந்த குழி எப்படி மொட்டையாக இருக்கும்? மறுநாள் ஆய்வுக் கூட்டம், அன்று மாலைக்குள் முடிவு சொல்ல வேண்டும் என்று அவசர அவசரமாக எழுதிய வரிகள். ஒவ்வொன்றுக்கும் ஒரு சமாதானம் சொல்லிப் பூசி மெழுகிவிட்டாள். இரண்டையும் சேர்த்துப் பார்க்கவில்லை.

இப்போது சேர்த்துப் பார்த்தாள். மேலிருந்து மூன்றாவது வரிசை, இடமிருந்து ஐந்தாவது குழி சி-5. கீழிருந்து மூன்றாவது வரிசை, வலமிருந்து ஐந்தாவது குழி எஃப்-8. தட்டை அப்படியே தலைமாற்றித் திருப்பி வைத்தால் ஒன்று மற்றொன்றின் இடத்துக்கு வந்துவிடும்.

குறிப்பேட்டைத் தலைகீழாகத் திருப்பி வைத்து மறுபடி எண்ணினாள்.

இப்போது வருகிற தட்டுகளில் ஒரு மூலையை வெட்டிவிட்டிருப்பார்கள், திருப்பி வைத்தால் குழந்தைக்குக்கூடத் தெரியும். அந்த நாளில் வாங்கிய மலிவுத் தட்டுகளில் நான்கு மூலையும் ஒன்றுபோல இருக்கும். பேனாவால் ஒரு மூலையில் புள்ளி வைத்துக்கொள்வாள், ஸ்பிரிட்டால் துடைத்தால் அதுவும் போய்விடும். சரி, தட்டு திரும்பியது அன்றே ஏன் தெரியவில்லை? காட்டு நெல்லின் சாற்றை ஒப்பீட்டுக்காக ஒரு மூலையில் வைப்பது எல்லோருடைய வழக்கம். அவள் கெட்டிக்காரி, கூடுதல் பாதுகாப்பு என்று எதிரெதிர் மூலைகள் இரண்டிலும் வைத்திருந்தாள். அதனால் தட்டை எந்தப் பக்கம் திருப்பினாலும் மூலைகள் சரியாகவே இருந்தன. கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்க்கிறவள் என்று பெயர் வாங்கியவள், அதிக எச்சரிக்கையாலேயே கோட்டை விட்டிருந்தாள்.

டி-7-இல் தெரிந்த பட்டை டி-7 செடியுடையது இல்லை. அதன் எதிர்க்குழி இ-6-இன் செடியுடையது. அந்தச் செடியைப் பிடுங்கிக் குப்பையில் போட்டாகிவிட்டது. புகைப்படத்தில் இ-6 இருந்த இடத்தைப் பார்த்தாள். கறுப்பாக, ஒன்றுமில்லாமல் இருந்தது. டி-7 செடியின் உண்மை நிலை அதுதான்.

ஒன்பது வருடம் ஏன் நோய் வரவில்லை? மூடுபனி இல்லை, காற்று இந்தப் பக்கம் நோயைக் கொண்டுவரவில்லை, அவ்வளவுதான். வெளியிடும் முன் மூன்று பருவம் திறந்த வெளியில் சோதித்தார்கள். மூன்றும் வறண்ட பருவங்கள். நோய் தாங்காத நெல்கூட அந்தச் சோதனை வயலில் பச்சைப் பசேலென்று நின்றது அவளுக்கு நினைவு வந்தது. செயற்கைப் பனியில் நோயைத் தெளித்துப் பார்க்கும் பனிக்கூண்டு அப்போது பழுது. ஜெல் புகைப்படம் இருக்கிறதே, அது போதும் என்று குழு முடிவு செய்தது. உறுதியான ஒன்றை எதற்கு மறுபடி பார்க்க வேண்டும் என்று அதற்குப் பிறகு யாரும் தொடவில்லை, அவள் உட்பட.

செவ்வாய்க்கிழமை கிடங்கு விதையிலிருந்து முளைத்த இலையை நசுக்கி, தானே சாறு எடுத்து, தானே இயந்திரத்தில் வைத்து ஓட்டினாள். உதவியாளரைக் கிட்டே விடவில்லை. மூன்று தடவை ஓட்டினாள். மூன்று தடவையும் அவளுடைய நெல்லின் இடம் வெறிச்சென்று இருந்தது, காட்டு நெல்லின் பட்டை மட்டும் எரிந்துகொண்டிருந்தது.

புகைப்படத்தை இயக்குநர் மேசையில் வைத்து விஷயத்தைச் சொன்னாள். அவர் எழுந்து போய்க் கதவைச் சாத்திவிட்டு வந்தார்.

"மேடம், பக்கத்து வீடு இல்லேன்னா ஆள் இல்லைன்னு அர்த்தமா? அடையாளம் வேற, மரபணு வேற. நீங்கதானே பாடம் எடுப்பீங்க? நடுவுல பிரிஞ்சு போயிருக்கலாம், மரபணு மட்டும் உள்ளே இருக்கலாம்."

"இருக்கலாம். ஆயிரத்துல ஒரு வாய்ப்பு."

"அந்த ஒண்ணு இருக்கில்ல? நோயைத் தெளிச்சுப் பாருங்க. ஏழு நாள்ல தெரிஞ்சிடும். அதுவரைக்கும் யார்கிட்டயும் மூச்சு விடாதீங்க. தரவு இல்லாம பேசறது உங்களுக்குப் பழக்கமே இல்லையே."

அவளுடைய சட்டத்தை எடுத்து அவள் வாயையே அடைத்துவிட்டார். கோபம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. நிம்மதிதான் வந்தது. ஏழு நாள். ஏழு நாளைக்கு எதுவும் சொல்ல வேண்டியதில்லை, அதுவும் நியாயமான காரணத்தோடு. அந்த நிம்மதியை நினைத்துப் பிற்பாடு அவள் வெட்கப்படாத நாளே இல்லை.

புதன்கிழமை பனிக்கூண்டில் மூன்று தட்டு நாற்று வைத்தார்கள். நோய் தாங்காத நெல், காட்டு நெல், அவளுடைய நெல். கூண்டைப் பார்த்துக்கொள்கிறவரைப் பனிக்காரர் என்பார்கள். இருபது வருடமாகச் செயற்கைப் பனி போடுவதே வேலை. கூண்டுக்குள் போய்ப் போய் அவருக்கு நிரந்தரச் சளி.

"என்னம்மா, உங்க நெல்லுக்கே நோய் தெளிக்கிறீங்க? சொந்தப் புள்ளைக்கே பரீட்சை வைக்கிறீங்களே" என்று சிரித்தார்.

"வைக்கணும். எப்பவோ வச்சிருக்கணும்" என்றாள் அவள். அவர் அதையும் வேடிக்கையாகவே எடுத்துக்கொண்டார். பூஞ்சைத் தூள் கலந்த நீரை அவளே தெளித்தாள். கூண்டின் கண்ணாடி மெல்ல மெல்ல வெண்மையாகி, உள்ளே நாற்று தெரியாமல் போயிற்று.

வெள்ளிக்கிழமை செய்தித்தாளில் வந்தது. 'நோய்க்கு அசையாத நெல்: பயம் வேண்டாம் என்கிறார் இயக்குநர்.' பத்திரிகையாளர் கூட்டத்துக்குத் தலைவலி என்று சொல்லி அவள் போகவில்லை. அவர்களுக்கு அதனால் ஒரு குறையும் இல்லை, எப்போதோ எடுத்த அவளுடைய படத்தைப் போட்டுவிட்டார்கள். படத்தில் அவள் ஒரு கதிரைப் பிடித்துக்கொண்டு சிரித்துக்கொண்டிருந்தாள். அன்று காலை கணவாய்க்கு இந்தப் பக்கம் முதல் சிவப்பு ஊசி ஏறியது.

சனிக்கிழமை பதினோரு மணிக்குத் தங்கை போன் செய்தாள். அவள் ஆய்வகத்துக்கு வெளியே, குளிர்பதனப் பெட்டிகள் வரிசையாக நிற்கும் நடையில் நின்று எடுத்தாள்.

"அக்கா, பேப்பர்ல உன் படம் பார்த்தியா? வெட்டி ஃபிரிட்ஜ்ல ஒட்டிட்டேன். சரி, கேளு. மண்ணு நல்ல பதமா இருக்கு. நாளைக்கு விதைக்கிற மெஷின் வருது. உன் மாப்பிள்ளைக்குத் திடீர்னு பயம் வந்துடுச்சு. பாதி நிலத்துல அந்தப் பழைய குட்டை நெல்லைப் போடலாம்கறார். அது நோய் தாங்குமாம்."

"தாங்கும்" என்றாள் அவள்.

"தாங்கும், ஆனா பாதிகூட விளையாதே! நேத்து முழுக்க இதே சண்டை. எங்க அக்காவை விட உங்களுக்குத் தெரியுமான்னு கேட்டேன். மனுஷன் கப்சிப். இருந்தாலும் ஒரு வார்த்தை உன்னைக் கேட்டுடலாம்னு. போன் பக்கத்துல நாலஞ்சு பேர் நிக்கறாங்க, அவங்களும் நீ சொல்றதுக்குத்தான் காத்திருக்காங்க. போடலாமா, வேண்டாமா?"

'சோதனை ஓடிட்டிருக்கு, புதன்கிழமை வரைக்கும் பொறு.' இந்த வாக்கியம் அவள் நாக்கு நுனி வரை வந்தது. இதைச் சொன்னால் "என்ன சோதனை?" என்று கேட்பாள். அதைச் சொன்னால் தட்டைச் சொல்ல வேண்டும். தட்டைச் சொன்னால், பக்கத்தில் நிற்கும் நாலஞ்சு பேரும் கேட்பார்கள். ஆயிரத்தில் ஒன்று இருக்கிறதே, அது பலித்துவிட்டால்? பதினோரு வருடத்தையும் ஒன்பது வருடப் பெயரையும் தன் வாயாலேயே கெடுத்துக்கொண்டதாக ஆகும். புதன்கிழமை தெரிந்த பிறகு சொல்லலாம். முளைத்தால்கூட உழுதுவிட்டு மறுபடி விதைக்க நாள் இருக்கிறது. இப்படி ஒரு கணக்கை அவள் மனம் ஒரே நொடியில் போட்டு முடித்தது.

"எதுவும் மாறல. போடு" என்றாள்.

மூன்று சொல். இருபத்தாறு வருடத்தில், அளந்ததற்கு நேர் எதிராக அவள் சொன்ன முதல் மூன்று சொல். அந்தப் பக்கத்தில் தங்கை யாரிடமோ வாய்நிறையச் சிரிப்போடு "கேட்டீங்கல்ல?" என்றது காதில் விழுந்தது.

ஞாயிறும் திங்களும் எப்படிப் போயின என்று அவளுக்கே தெரியாது. பனிக்கூண்டுக்கும் தன் அறைக்கும் நடந்துகொண்டே இருந்தாள். தினமும் அவள் வருவதைப் பார்த்துப் பனிக்காரர், "பிரசவ வார்டு வாசல்ல நிக்கிற மாதிரி நிக்கிறீங்களேம்மா" என்றார்.

புதன்கிழமை காலை அவர் கேலி எதுவும் பேசவில்லை. கூண்டைத் திறந்து ஒதுங்கி நின்றுகொண்டார்.

காட்டு நெல் சுத்தமாக இருந்தது. நோய் தாங்காத நெல்லின் இலை முழுக்கச் சாம்பல் நிறக் கண்கள். அவளுடைய நெல்லிலும் அதே கண்கள், அதே அளவு, அதே நெருக்கம். இரண்டு தட்டிலும் பெயர்ச்சீட்டை எடுத்துவிட்டால் எது எதுவென்று யாராலும் சொல்ல முடியாது. ஒரு இலைக்கு எத்தனை என்று எண்ணத் தொடங்கினாள். மூன்றாவது இலையோடு நிறுத்திவிட்டாள்.

"அம்மா, நான் சீட்டை மாத்தி வைக்கல" என்றார் பனிக்காரர், பயந்த குரலில்.

"உங்க மேல தப்பில்ல" என்றாள்.

இயக்குநர் அடுத்த மாதக் குழுக் கூட்டத்தில் வைக்கலாம் என்றார். அவள் அங்கேயே உட்கார்ந்து இரண்டு பக்க அறிக்கை எழுதி, புகைப்படங்களை இணைத்து, அவர் கையெழுத்துக்குக் காத்திராமல் அமைச்சகத்துக்கு அனுப்பினாள். அது கிணற்றில் போட்ட கல்லாகக் கிடக்கும் என்று அவளுக்குத் தெரியும். அனுப்பாமல் இருக்கவும் முடியவில்லை. மறுநாள் விடிந்ததும் தங்கை ஊருக்குப் பேருந்து ஏறினாள்.

வழியெல்லாம் புதிதாக விதைத்த நிலங்கள். சில இடத்தில் முளை ஊசி ஊசியாக வெளியே வந்திருந்தது. காலைப் பனி இன்னும் கலையாமல் நிலத்தோடு ஒட்டிக் கிடந்தது. ஜன்னல் கம்பி ஈரமாக இருந்தது. கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

முன்கூட்டிச் சொல்லாமல் வந்து நிற்கும் அக்காவைப் பார்த்ததும் தங்கைக்குத் தலைகால் புரியவில்லை. நாற்காலியில் கிடந்த காலிச் சாக்குகளைத் தூக்கிப் போட்டாள், மின்விசிறியைத் தட்டிவிட்டாள், "இளைச்சுப் போயிட்டியே" என்றாள். தங்கையின் கணவன் முகம் கழுவிய ஈரத்தோடு வந்து எதிரே உட்கார்ந்தான். குறைவாகப் பேசுகிற மனிதன். குளிர்பெட்டிக் கதவில் இருந்து அவள் படம் சிரித்துக்கொண்டிருந்தது.

அவள் சுற்றி வளைக்கவில்லை. "அந்த நெல் நோய் தாங்காது. பனிக்கூண்டுல வச்சு நோய் தெளிச்சுப் பார்த்துட்டேன். தப்பான செடியைத் தேர்ந்தெடுத்துட்டேன். என் தப்புதான். பனி தொடங்கிடுச்சு, காத்து இந்தப் பக்கம் வருது. இன்னைக்கே உழுதுடுங்க. குட்டை நெல்லைப் போடுங்க. இன்னும் பத்து நாள் அவகாசம் இருக்கு."

தங்கை சிரித்தேவிட்டாள்.

"என்னக்கா நீ! ஒன்பது வருஷமா ஒரு புள்ளி விழல."

"நோயே வரல. அதனால விழல."

"கண்ணாடிக் கூண்டுக்குள்ள வச்சு, தண்ணியா அடிச்சு, நோயைக் கொண்டு போய் ஊட்டிவிட்டா எந்தப் பயிருக்குத்தான் வராது? நீ சின்ன வயசுலேர்ந்தே இப்படித்தான். பரீட்சையில தொண்ணூத்தெட்டு வாங்கிட்டு ஃபெயில்னு அழுவே."

கணவன் சிரிக்கவில்லை. அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். "அக்கா, இது உங்களுக்கு எப்பத் தெரிஞ்சுது?" என்று கேட்டான்.

"நேத்துதான் தம்பி உறுதியாச்சு" என்றாள்.

பொய் இல்லை. உறுதியானது நேற்றுதான். அந்த 'உறுதி' என்ற சொல்லுக்குப் பின்னால் ஒரு வாரத்தையே அவள் ஒளித்து வைத்தாள்.

"அதான் எனக்குப் புரியல" என்றாள் தங்கை. இப்போது குரலில் சிரிப்பு இல்லை. "சனிக்கிழமை உன்னைக் கேட்டேன். எதுவும் மாறல, போடுன்னு சொன்னே. நீ ஒண்ணைச் சொன்னா அது கல்லுல எழுதின மாதிரி. அதை நம்பி இந்தத் தெருவுல இருபத்திரண்டு வீடு விதைச்சிருக்கு. அஞ்சு நாள்ல நெல் மாறிடுமா? இப்பப் போய் அத்தனை பேர்கிட்டயும் முளைச்சதை உழுதுடுங்கன்னு நான் எப்படிச் சொல்வேன்? என்ன காரணம்னு சொல்வேன்?"

காரணம் இருந்தது. ஒரே ஒரு வாக்கியம். 'சனிக்கிழமை நான் உன்கிட்ட பொய் சொன்னேன்.' அதைக் கேட்டால் தங்கை நம்பியிருப்பாள். தன்னைத் தானே அந்த அளவுக்குத் தாழ்த்திக்கொண்டு யாரும் விளையாட்டுக்குப் பேச மாட்டார்கள். அந்த இருபத்திரண்டு வீடும் நம்பியிருக்கும். அவள் வாயைத் திறந்தாள். தங்கை அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள். சின்னப் பெண்ணாக இருந்தபோது கணக்குப் புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு வந்து நின்று பார்ப்பாளே, அதே நம்பிக்கை நிறைந்த கண். அந்தக் கண்ணுக்கு முன்னால் அந்த வாக்கியத்தைச் சொல்ல அவளால் முடியவில்லை.

"சோதனை முடிவு வந்திருக்கு. நான் சொல்றதைக் கேளு" என்றாள், திரும்பவும்.

"நீ தூங்கி எத்தனை நாளாச்சு? கண்ணெல்லாம் உள்ளே போயிடுச்சு. வேலை, வேலைன்னு உடம்பைக் கெடுத்துக்கிட்டே" என்று தங்கை எழுந்து வந்து அவள் நெற்றியில் கை வைத்துப் பார்த்தாள். "ரெண்டு நாள் இங்கே இருந்துட்டுப் போ."

அவள் இருக்கவில்லை. பேருந்து நிறுத்தம் வரை தங்கையின் கணவன் கூட வந்தான். "பூஞ்சை மருந்தாவது வாங்கி வச்சுக்கட்டுமா?" என்றான். வாங்கச் சொன்னாள். எந்த மருந்து, எத்தனை நாளுக்கு ஒரு தடவை என்று சீட்டில் எழுதிக் கொடுத்தாள். மூடுபனி விடாமல் விழுந்தால் மருந்தும் ஓரளவுக்குத்தான் என்று சொல்ல வந்து, அதையும் சொல்லாமல் ஏறிவிட்டாள்.

அடுத்த ஐந்து வாரமும் அவள் வானிலை அறிக்கையைத் தவிர வேறு எதையும் படிக்கவில்லை. ஊசிகள் கணவாயைத் தாண்டி இறங்கி வந்தன. அமைச்சகத்திலிருந்து, அறிக்கை கிடைத்தது, பரிசீலனையில் உள்ளது என்று ஒரு வரி வந்தது. இயக்குநர் நடையில் பார்த்தால் வேறு பக்கம் திரும்பிப் போனார். தங்கை பயிரைப் படமெடுத்து அனுப்பிக்கொண்டே இருந்தாள். முழங்கால் உயரப் பயிர், கரும்பச்சை. 'பார்த்தியா? கண்ணு படப் போகுது' என்று எழுதியிருந்தாள். ஒவ்வொரு படத்தையும் அவள் பெரிதாக்கி இலை இலையாகப் பார்ப்பாள். ஆறாவது வாரம் மூடுபனி இறங்கியது. ஒரு நாள் கழித்து எழும்பும் என்றார்கள். எழும்பவில்லை. நான்கு நாள் பகலிலும் விளக்குப் போட்டுக்கொண்டுதான் வாகனங்கள் போயின. ஐந்தாம் நாளிலிருந்து தங்கை படம் அனுப்பவில்லை.

ஒன்பதாம் நாள் காலை பத்து மணிக்குப் போன் வந்தது.

"அக்கா, வேலையா இருக்கியா? சும்மாதான். இலையில கொஞ்சம் புள்ளி மாதிரி இருக்கு. சத்துக் குறைவா இருக்கும்னு நினைக்கிறேன். எல்லாரும் இங்கேதான் நிக்கறாங்க. அக்கா நெல்லுல அந்த நோய் வராதுன்னு சொல்லிட்டேன். நீயே சொல்லு."

"புள்ளி எப்படி இருக்கு?"

"கண்ணு மாதிரி. நடுவுல சாம்பல், ஓரம் பழுப்பு."

"ஒரு இலைக்கு எத்தனை?" பழக்கம் விடவில்லை, கேட்டுவிட்டாள்.

"எண்ணலக்கா" என்றாள் தங்கை. "எண்ண முடியாது."

"மருந்து?"

"மூணு தடவை அடிச்சாச்சு."

"அதுதான்" என்றாள் அவள். "அந்த நோய்தான்."

தங்கை நடந்து கொஞ்சம் தள்ளிப் போகிறாள் போலிருந்தது, ஈர மண்ணில் செருப்புச் சத்தம். பிறகு குரல் தணிந்து வந்தது.

"நீ வந்துட்டுப் போன அன்னைக்கே அவர் ஒண்ணு சொன்னார். நான் அவரோட ரெண்டு நாள் பேசல. அக்காவைப் பத்தி அப்படிச் சொல்லாதீங்கன்னு சண்டை போட்டேன். இப்ப நானே கேக்கறேன். சனிக்கிழமை நான் போன் பண்ணினப்போ, உனக்குத் தெரியுமா?"

உறுதியாகத் தெரியாது என்று சொல்லலாம். அதற்குத் தரவு இருந்தது, தேதி இருந்தது, ஆயிரத்தில் ஒன்று இருந்தது. எந்தக் குழுவின் முன்னாலும் அது நிற்கும்.

"தெரியும்" என்றாள்.

தங்கை போனை வைக்கவில்லை. தூரத்தில் யாரோ ஒரு ஆள், "என்னம்மா, அக்கா என்ன சொல்றாங்க?" என்று சத்தமாகக் கேட்டார். இன்னொரு குரல், "அவங்களுக்கு முன்னாடியே தெரியுமாமா?" என்றது.

தங்கை அவர்கள் பக்கம் திரும்பிப் பேசினாள். குரலில் ஒரு நடுக்கமும் இல்லை.

"இல்ல. அவங்களுக்கும் இப்பத்தான் தெரியுமாம்."

அதற்குப் பிறகு போனை வைத்துவிட்டாள்.